சும்மா கொழுப்புதான்: ஆம்ஸ்டர்டாம் நாட்குறிப்பு

மே 5, 2025, திங்கள். மதுரை, சென்னை, அப்புறம் வானம்

"கல்லீரலுக்குன்னு தனியா மாநாடா? அதுக்கு ஹாலந்து வரைக்கும் போகணுமா பாப்பா?" மதுரை விமான நிலைய வாசலில் அண்ணன் கேட்டார். எனக்கு 54 வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான். டிக்கியிலிருந்து பெட்டியை எடுக்கப் போனவரைத் தடுத்து நானே இறக்கினேன். அவர் கனம் தூக்கக் கூடாது.

நான் கல்லீரல் மருத்துவர் இல்லை. கோவில்பட்டியில் சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் என்று வருவதையெல்லாம் பார்க்கிற பொது மருத்துவர். எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருவார்கள். கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருக்கும். அதில் விரலை வைத்து, "இது என்னங்க டாக்டரம்மா?" என்பார்கள். "சும்மா கொழுப்புதான். எல்லாருக்கும் இருக்கிறதுதான். நடங்க, எண்ணெயைக் குறைங்க." இருபது வருடமாக இதே பல்லவி. 2017-ல் அண்ணனுக்கும் இதைத்தான் பாடினேன்.

2022 ஆடி மாதம் ஒரு ராத்திரி, கடையைப் பூட்டும் நேரத்தில் அண்ணன் ரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயின் அடியில் ரத்தக்குழாய்கள் புடைத்துப்போய் ஒன்று வெடித்திருந்தது. எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் மாட்டி நிறுத்தினார்கள். கல்லீரல் அதற்குள் சுருங்கிப்போயிருந்தது. சிர்ரோசிஸ். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை மனிதர். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மட்டும், "யாருக்கும் தெரியாம சாப்பிடுவாரோ?" என்று மதினியின் காதைக் கடித்துவிட்டுப் போனார்கள்.

சென்னையில் கல்லீரல் நிபுணராக இருக்கும் என் பேட்ச்மேட்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். ஐரோப்பிய கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மாநாடு, மே 7 முதல் 10 வரை. "நீ வரணும்டி. நாங்க பாக்கும்போது எல்லாம் முடிஞ்சுபோயிருக்கு. ஆரம்பத்துல பாக்கிறது நீங்கதான்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

மே 6, செவ்வாய். பெட்டி வரவில்லை

நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. எந்த விமான நிறுவனம் என்று எழுதப்போவதில்லை, எழுதினால் பெட்டி இன்னும் தாமதமாகலாம். அதில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கிலோ முறுக்கு, பருப்புப்பொடி எல்லாம் இருந்தன. வெளியே சில்லென்று காற்று. புடவைக்கு மேல் தோழியின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, விளையாட்டு ஷூவோடு ஆம்ஸ்டர்டாமில் இறங்கினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பார்க்க வேண்டியது சைக்கிளைத்தான். அசந்தால் மணியடித்துவிட்டு மேலேயே வந்துவிடும்.

மாநாடு நாளைக்குத்தான். மத்தியானம் ஊரின் பழைய தாவரவியல் தோட்டத்துக்குப் போனேன். பெயர் ஹோர்ட்டஸ். 1638-ல் மருத்துவர்களுக்கும் மருந்து செய்பவர்களுக்கும் மூலிகை காட்டுவதற்காகத் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் நமக்கு வேண்டியப்பட்ட ஒருவர் கண்ணாடி வீட்டில் நிற்கிறார்: காபிச் செடி. மலபாரிலிருந்து டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குக் கொண்டுபோய் நட்டு, அங்கிருந்து 1706-ல் ஒரு செடி இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கிறது. அதன் வாரிசு ஒன்று 1714-ல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகப் போய், அதன் வம்சம் அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது.

கல்லீரல்காரர்களுக்குக் காபி மேல் தனிப் பிரியம். தினமும் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு விழுவதும் புற்றுநோய் வருவதும் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. குடிப்பவரையும் குடிக்காதவரையும் ஒப்பிட்டுப் பார்த்த கணக்குதான். காபியேதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட நம் டிகிரி காபிக்கு இந்தச் சலுகை செல்லுமா என்று கேட்காதீர்கள்.

ஆனால் நான் தேடிப்போனது வேறு செடியை. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் வேறு சிலரையும் வைத்துக்கொண்டு மலையாள நாட்டு மூலிகைகளை எழுதி, படம் வரையச் செய்தார். ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்று பன்னிரண்டு தொகுதிகள், 1678-லிருந்து 1693 வரை, அச்சானது இதே ஆம்ஸ்டர்டாமில். இந்தத் தோட்டத்தை இன்றைய இடத்தில் அமைத்தவர்களில் ஒருவரான யான் கொம்மெலினும் அதற்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். பத்தாம் தொகுதியில் ஒரு செடி. பெயர் 'கிர்கநெலி'. தோட்டத்துக் கடையில் உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இலைக்காம்பின் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டைகள். நம் கீழாநெல்லி! முந்நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பே இங்கே வந்து அச்சேறியிருக்கிறது.

அண்ணன் தினமும் காலையில் அதை மோரில் அரைத்துக் குடிக்கிறார். எனக்கும் அவருக்கும் அதில் தீராத சண்டை. வழக்கு என்னவோ அவ்வளவு சுலபமானது இல்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தார்கள். அந்த முடிவு திரும்ப வரவில்லை. இன்று உலகத்தின் பெரிய ஆய்வகங்கள் எல்லாம் எதற்காகத் தவம் கிடக்கின்றனவோ, அதுதான் அந்த மேலுறைப் புரதம் மறைவது. பெப்பிரோவிர்சென் என்ற புது ஊசி மருந்து 2022-ல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதைச் செய்தது, அதற்கே கொண்டாடினார்கள். 37-க்கு 22 என்பது உண்மையாக நின்றிருந்தால் நாளைய மாநாட்டில் பாதி அரங்கு காலியாக இருந்திருக்கும்.

நம் ஊரில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கேட்கிறது என்ற பேர் எப்படி வந்தது? தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான்.

வெளியே வரும்போது கண்ணாடி வீட்டின் ஒரு தொட்டி ஓரத்தில் களையாக ஒரு செடி முளைத்திருந்தது. இலையைத் திருப்பினேன், கீழே மணிமணியாக. கீழாநெல்லியா, அதன் பங்காளியா என்று தாவரவியல் படித்தவர்தான் சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். "பாத்தியா!" என்று ஒரே வார்த்தையில் பதில்.

மே 7, புதன். மாசில்-டி

டி பெய்ப் என்ற பேட்டையில் தங்கியிருக்கிறோம். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், மாநாடு நடக்கும் ராய் அரங்கம் வந்துவிடுகிறது. உள்ளே திருவிழாக் கூட்டம். கழுத்தில் அட்டை மாட்டிய ஆயிரக்கணக்கான பேர், எல்லாரும் ஒரே உறுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டேன். நான் படித்தபோது இந்த நோய் 'நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்'. அதாவது 'குடியால் வராத கொழுப்பு ஈரல்'. எதுவால் வராதது என்று சொல்லித்தான் அதற்குப் பெயர்! பெயரிலேயே குடி இருந்தது. 2023 ஜூனில் அதை மாற்றினார்கள். 56 நாடுகளைச் சேர்ந்த 236 பேரைக் கேட்டபோது 'ஃபேட்டி' என்ற சொல் நோயாளியை இழிவுபடுத்துகிறது என்றவர்கள் 66 சதவீதம், 'நான்-ஆல்கஹாலிக்' அப்படி என்றவர்கள் 61 சதவீதம். புதுப் பெயர் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு வரும் கொழுப்புக் கல்லீரல் நோய். ஆங்கிலச் சுருக்கத்தை 'மேசல்டி' என்கிறார்கள். கொழுப்போடு சர்க்கரை, பிரஷர், இடுப்புச் சுற்று, ரத்தக் கொழுப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும், இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அதோடு ஓரளவு குடியும் உள்ளவர்களுக்குத் தனிப் பெட்டி, தனிப் பெயர்.

"நீ என்னன்னு சொல்லுவே, சொல்லு பாப்போம்" என்றாள் தோழி. "மாசில்டி" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் முன் வரிசை திரும்பிப் பார்த்தது. "மாசு இல்லடி! உங்க அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லு."

சொல்ல வேண்டியது மதினியின் காதைக் கடித்தவர்களிடம்.

இன்று நான் கேட்டதில் புத்தம்புதிது என்று எதுவும் இல்லை. எனக்குத்தான் புதிது. கொழுப்பு எவ்வளவு என்பதை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது. தழும்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. கிரேடு 1, 2, 3 என்று ஸ்கேன்காரர் போடுவது கொழுப்பின் அளவு. தழும்புக்கு வேறு அளவு, பூஜ்ஜியத்திலிருந்து நாலு வரை. நாலு என்றால் சிர்ரோசிஸ். கிரேடு 1 கொழுப்போடு மூன்றாம் நிலைத் தழும்பு இருக்கலாம். முற்றின சிர்ரோசிஸில் கொழுப்பே கரைந்து காணாமல் போகும். 'போன தடவை கிரேடு 2, இப்போ கிரேடு 1, குறைஞ்சிருக்கு' என்று நான் எத்தனை பேரைச் சந்தோஷமாக அனுப்பியிருப்பேன்!

தழும்பை மோப்பம் பிடிக்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஃபிப்-4 என்று பெயர். எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கல்லீரல் நொதிகள். வயதை எஸ்.ஜி.ஓ.டி-யால் பெருக்கு. பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்கு. முதலாவதை இரண்டாவதால் வகு. 1.3-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை; 65 வயதுக்கு மேல் அந்த வரம்பு 2. விடை 2.67-ஐத் தாண்டினால் உடனே நிபுணரிடம் அனுப்பு. நடுவில் வந்தால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பழைய படங்களைத் துழாவி அண்ணனின் 2017 ரிப்போர்ட்டைக் கண்டுபிடித்தேன். வயது 52. எஸ்.ஜி.ஓ.டி 62. எஸ்.ஜி.பி.டி 48. பிளேட்லெட் 1,38,000. காகித நாப்கினில் போட்டுப் பார்த்தேன். 52 பெருக்கல் 62, 3,224. 48-க்கு வர்க்கமூலம் 6.93; அதை 138-ஆல் பெருக்கினால் 956.

3.37.

பிளேட்லெட் குறைவாக இருக்கிறதே என்று அப்போது நான் கவனிக்காமல் இல்லை. டெங்கு சீசன். டெங்கு டெஸ்ட் எழுதிக் கொடுத்தேன், நெகட்டிவ் வந்தது, நிம்மதியாக விட்டுவிட்டேன். கல்லீரல் இறுகி மண்ணீரல் வீங்கினால் பிளேட்லெட் அங்கே போய்ச் சிறைப்படும் என்பதை எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடத்திலேயே படித்தவள்தான். அந்த நாப்கினைக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

மே 8, வியாழன். ஊசி, மாத்திரை, ஒரு டொக்

பெட்டி வந்துவிட்டது. முறுக்கு நொறுங்கிவிட்டது.

இன்று மருந்துகளின் நாள். இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்து 2024 மார்ச் 14 வரை அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை. அன்றுதான் அங்கே ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். தைராய்டு ஹார்மோன் கல்லீரலுக்குள் செய்யும் வேலையை மட்டும் தூண்டிவிட்டுக் கொழுப்பை எரிக்க வைக்கும் மருந்து. இதயத்தைப் படபடக்க வைக்காமல் கல்லீரலை மட்டும் தொடும்படி செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். 966 பேர் கலந்துகொண்ட ஆய்வில் 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 25.9 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு படியாவது இறங்கியது. வெறும் மாத்திரைக்கு 14.2. அங்கே விற்பனைக்கு வந்தபோது ஒரு வருட மருந்தின் பட்டியல் விலை 47,400 டாலர். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ விசிலடித்தார்கள், அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்த பெயர், செமாக்ளுடைட். சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் வார ஊசி. எசென்ஸ் என்ற ஆய்வின் முதல் 800 பேருடைய முடிவு போன வாரம்தான், ஏப்ரல் 30-ல், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்திருக்கிறது. 72 வாரத்தில் கல்லீரல் அழற்சி அடங்கியவர்கள் 62.9 சதவீதம், வெறும் ஊசிக்கு 34.3. தழும்பு இறங்கியவர்கள் 36.8, வெறும் ஊசிக்கு 22.4. இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் தழும்பு குறைந்திருக்கிறது. ஆய்வில் சேர்ந்ததும் சாப்பாட்டைக் கவனித்திருப்பார்கள், நடந்திருப்பார்கள். பயாப்ஸி, அதாவது ஊசியால் எடுத்த ஈரல் துணுக்கு, அதைப் படிப்பதில் உள்ள தடுமாற்றமும் அதில் கலந்திருக்கும். கியூபாவில் 2015-ல் வந்த ஆய்வு ஒன்றில், உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அழற்சி போயிருந்தது. குறைப்பவர்கள்தான் குறைவு.

எனக்கு இதில் தினமும் புழங்கும் சங்கடம் ஒன்று உண்டு. இந்த வகை ஊசிகள் நம் ஊருக்கு வந்துகொண்டிருக்கின்றன. டிர்செபடைட் மார்ச் மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. செமாக்ளுடைட்டின் காப்புரிமை 2026 மார்ச்சில் இங்கே முடிகிறது, விலை இறங்கும். அப்புறம் யாருக்குப் போடுவது? கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வருபவருக்கா, தழும்பு இரண்டாம் மூன்றாம் நிலையில் இருப்பது தெரியாமலே பிரஷர் மாத்திரை வாங்க வருபவருக்கா?

ஏனென்றால் இந்த இரண்டு மருந்தின் ஆய்வும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நிலைக்காரர்களை வைத்துத்தான். செமாக்ளுடைட்டைச் சிர்ரோசிஸ் வந்தவர்கள் 71 பேரிடம் தனியாகப் பார்த்தார்கள், தழும்பு அசையவில்லை. அண்ணனுக்கு அந்தக் கதவு 2017-க்கும் 2022-க்கும் நடுவில் எப்போதோ சாத்திவிட்டது.

அவருக்கு இப்போது ஓடுவது கார்வெடிலால். பழைய பிரஷர் மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு டீ விலைகூட ஆகாது. கல்லீரலுக்குப் போகும் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கும். 2019-ல் ஸ்பெயினிலிருந்து வந்த பிரெடெஸ்கி ஆய்வைப் பற்றி இன்று ஒருவர் மறுபடி நினைவூட்டினார். சிர்ரோசிஸ் இருந்தும் இன்னும் வயிற்றில் நீரோ ரத்தக்கசிவோ வராத 201 பேர். இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவீதம் பேர் நிலை சரிந்தார்கள் அல்லது இறந்தார்கள். சாப்பிடாதவர்களில் 27 சதவீதம். மாநாட்டில் இதற்கு ஸ்டால் கிடையாது. யார் போடுவார்கள்?

சாயங்காலம் ஒரு ஸ்டாலில் ஃபைப்ரோஸ்கேன் இலவசமாகப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். நான் பத்து நிமிடத்துக்கு முன்தான் தேன்பாகு வைத்த வாஃபிள் ஒன்றை முடித்திருந்தேன். "போய்விட்டு ஏழு மணிக்கு வாருங்கள்" என்று அந்தப் பெண் சிரித்தாள். ஏழு மணிக்குப் போனேன். மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். விலா இடுக்கில் ஜெல், ஒரு தடித்த பேனா மாதிரி கருவி. டொக். யாரோ கதவை ஒரு விரலால் தட்டுவது மாதிரி. தட்டு உள்ளே எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்ட் பார்க்கிறது. இறுகிய கல்லீரலில் வேகமாக ஓடும். பத்துத் தட்டு. எனக்கு 5.4 கிலோபாஸ்கல்; 8-க்குக் கீழ், சரி. ஆனால் கொழுப்பு அளவு 291, தாராளமாகவே இருக்கிறது. புடவையைச் சரிசெய்துகொண்டே எழுந்தேன். ஊருக்கெல்லாம் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன டாக்டரம்மா!

ராத்திரி சுரினாம்காரர் கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும். 1873-லிருந்து தென் அமெரிக்காவின் சுரினாமில் இருந்த டச்சுக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்ட பீகார், உத்தரப் பிரதேசத்து மக்களின் சமையல். பாதி ரொட்டியோடு நிறுத்தினேன். 291.

மே 9, வெள்ளி. கட் அடித்தேன்

காலேஜில் செய்யாததை 54 வயதில் செய்தேன். தோழியை மாநாட்டுக்கு அனுப்பிவிட்டு ரயிலேறி அல்க்மார் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே பாலாடைக்கட்டிச் சந்தை. சதுக்கம் முழுக்க மஞ்சள் சக்கரங்கள் வரிசை வரிசையாக. வெள்ளை உடையும் நிறம் பூசிய வைக்கோல் தொப்பியுமாக இரண்டிரண்டு பேர், தோளில் வார் மாட்டி, நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள கட்டுமரம் போன்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று ஒரு நடை ஓடுகிறார்கள். நம் சப்பரம் தூக்குபவர்களின் அதே நடை.

இதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிதான். ஆனால் ஓரமாக வெள்ளை அங்கி போட்ட ஒரு பெரியவர் நின்றார். சோதனைக்காரர். ஒரு சக்கரத்தை எடுத்தார், விரல் முட்டியால் தட்டினார், காதைச் சாய்த்தார். இன்னொரு இடத்தில் தட்டினார். அப்புறம் பாதிக் குழாய் மாதிரி ஒரு கருவியைச் செருகித் திருகி இழுத்தார். பென்சில் கனத்தில் ஒரு துண்டு வந்தது. விரலால் நசுக்கினார், முகர்ந்தார், நுனியைக் கடித்தார். மிச்சத்தை அதே ஓட்டையில் திரும்பச் செருகி, மேலே தடவி மூடினார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நேற்று ராத்திரி எனக்கு நடந்தது முதல் பாதி. அண்ணனுக்கு 2022-ல் நடந்திருக்க வேண்டியது இரண்டாம் பாதி. அவருக்கு ரத்தம் உறையாத நிலை, செய்யவில்லை. கல்லீரல் பயாப்ஸியில் ஊசி எடுத்துவருவது மொத்த ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்பார்கள். ஒரு இடத்தில் தழும்பு இருக்கும், பக்கத்தில் இருக்காது. ஒரே துண்டை இரண்டு நிபுணர் படித்தால் இரண்டு நிலை சொல்வார்கள். மேற்கொண்டு வலி, சிலருக்கு ரத்தக்கசிவு. எடுத்ததைத் திருப்பிச் செருகவும் முடியாது. அதனால்தான் தட்டிப் பார்க்கும் கருவிக்கு இவ்வளவு மரியாதை. ஆனாலும் மருந்து ஆய்வுகளுக்கு இன்றுவரை பயாப்ஸிதான் நீதிபதி. பெரியவரும் தட்டியதோடு விடவில்லையே.

அந்தச் சதுக்கத்தில் நின்றிருக்கும்போதே தோழியிடமிருந்து வாட்ஸ்அப். 'எஃப்ருக்ஸிஃபெர்மின். சிர்ரோசிஸ் கேஸ். 96 வாரம். பயாப்ஸி எடுத்தவங்கள்ல 39 சதவீதம் பேருக்குத் தழும்பு இறங்கியிருக்கு. மருந்தில்லாத ஊசிக்கு 15. நீ எங்கடி இருக்கே?'

சிர்ரோசிஸில் தழும்பு இறங்குகிறதா? போனை இரண்டு தடவை படித்தேன். சுருங்கின ஈரல் சுருங்கினதுதான், திரும்பாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸை அடக்கினால் பல வருடத்தில் திரும்பலாம் என்று இடையில் தெரிந்தது. கொழுப்பால் வந்த சிர்ரோசிஸில் ஒரு மருந்து அதைக் காட்டுவது வேறு விஷயம். அப்புறம் நிதானித்தேன். இது இரண்டாம் கட்ட ஆய்வு. இதே ஆய்வில் 36 வாரத்தில் தெளிவான பலன் தெரியவில்லை. சேர்ந்தவர்கள் எல்லாரும் ரத்தவாந்தி, வயிற்று நீர் எதுவும் வராதவர்கள்.

'பாலாடைக்கட்டி சந்தையில' என்று பதில் போட்டேன்.

மே 10, சனி. பெட்டிக்குள் ஒரு ஈரல்

கடைசி நாள். அரங்கம் பாதி காலி. காலையில் மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசினார்கள். என் துறைக்கு வெகுதூரம், ஆனால் வீட்டுக்கு ரொம்பப் பக்கம்.

இதில் டச்சுக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்று உண்டு. இதயம் நின்ற பிறகு எடுக்கப்படும் ஈரல்களில் பித்தக்குழாய் பின்னால் சுருங்கிப்போகும் தொல்லை அதிகம். க்ரோனிங்கன் குழுவினர் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 156 பேர். பாதிப் பேருக்கு ஐஸில் வைத்த ஈரல். மீதிப் பேருக்கு, அப்படி வைத்த ஈரலையே பொருத்துவதற்கு முன் இரண்டு மணி நேரமாவது கருவியில் மாட்டி, பத்து டிகிரி குளிரில் ஆக்சிஜன் ஏற்றிய திரவம் ஓடவிட்டார்கள். பித்தக்குழாய்ச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. இது மாதிரி ஒரு கருவியின் வீடியோவைத் தோழி போனில் காட்டினாள். கண்ணாடி மூடிக்குக் கீழே, குழாய்கள் செருகின ஒரு ஈரல். பழுப்பாக, பளபளவென்று, யாருடையதோ.

அண்ணனின் பெயர் தமிழ்நாட்டுக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. அவர் மகளுக்கு 26 வயது, ரத்தப் பிரிவு பொருந்துகிறது, கொடுக்கிறேன் என்கிறாள். ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுத்தாலும் வளர்ந்துவிடும், அந்த உறுப்புக்கு மட்டும்தான் அந்த வரம் என்று அவளே இணையத்தில் படித்து வைத்திருக்கிறாள். "எம்பொண்ணு வயித்தைக் கிழிச்சு எனக்கு வேண்டாம்" என்று அண்ணன் எழுந்து போய்விடுவார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதோடு நிற்கிறது.

சாயங்காலம் கால்வாய் ஓரத்துக் கடைகளில் கழுத்து அட்டையைக் கழற்றாமலே பலர் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோழி ஒருவரைப் பார்த்துக் கையசைத்தாள். "காலைல குடியும் ஈரலும்னு பேசினவர்" என்றாள்.

மே 13, செவ்வாய். கோவில்பட்டி

ஞாயிறு கிளம்பி, நேற்று ராத்திரி வந்து சேர்ந்தேன். மதுரைக்கு அண்ணன்தான் காரோடு வந்திருந்தார். நான்கு வழிச்சாலையில் நாப்கினைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். விருதுநகர் தாண்டியதும் எடுத்து நீட்டினேன். ஓரமாக நிறுத்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"3.37-ன்னா?"

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்ணே. நான் பாக்கல."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் புஸ்தகத்துல கீழாநெல்லியப் பத்தி என்ன போட்டிருக்கான் வெள்ளைக்காரன்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

இன்று காலை கிளினிக். முதல் நோயாளி ஆட்டோ ஓட்டுகிறவர், 46 வயது, சர்க்கரை. ஸ்கேன் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தார். எஸ்.ஜி.ஓ.டி 58, எஸ்.ஜி.பி.டி 71. பிளேட்லெட் பார்க்கவே இல்லை. அடுத்த தெரு லேபில் எடுத்து வரச் சொன்னேன். அரை மணியில் வந்தார்: 1,92,000. போட்டேன், 1.65. நடுவில். மதுரைக்கு ஃபைப்ரோஸ்கேனுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாள் சவாரி போய்விடுமே என்று அவர் முகம் மாறியது.

"சும்மா கொழுப்புதானேம்மா?"

"தெரியலப்பா. பாத்துட்டுச் சொல்றேன். போறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடாதீங்க."